மேஜைமேல் ஒரு டோல்கேட்

நவராத்திரி வந்துவிட்டால் நம் வீடுகளில் கொலுப் படிகளுக்கு முன்னால் ஒரு புதிய உலகம் தோன்றிவிடுகிறது. தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி, முளைத்து வரும் பசுமையை வயலாக்கி, உடைந்த முகக்கண்ணாடியைக் குளமாக்கி, அதில் ஒரு தெப்பத்தையும் நிறுத்திவிடுகிறார்கள் நம் குழந்தைகள். இந்தப் 'பார்க்'கைச் சுற்றிப் பல வீடுகளில் ஒரு பொம்மை ரயிலும் ஓடுகிறது. பக்கத்திலே செட்டியார் பொம்மை பலசரக்குக் கடையை விரித்துக்கொண்டு வீற்றிருப்பார். அவர் மட்டும் எழுந்து நின்றாரானால் ரயில் அவருடைய முழங்காலுக்குத்தான் வரும்!

இதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை, கொள்ளவும் வேண்டாம். கொலுவின் நியாயம் வேறு. ஆயினும் வீட்டிலுள்ள ஏதோ ஒரு பயல், "செட்டியார் எப்படி அம்மா ரயிலில் ஏறுவார்?" என்று கேட்டுவிட்டானென்றால், அந்தக் கணத்திலேயே அவன் ஓர் அரிய கலையின் வாசற்படியில் காலை வைத்துவிட்டான் என்று சொல்லலாம். அளவு மாதிரி ரயில் என்பது அந்தக் கலை. அதில் ரயில் எத்தனை மடங்கு சிறியதோ அத்தனை மடங்கே மனிதனும், கதவும், கிடங்கும், புகைபோக்கியும் சிறியனவாயிருக்கும்.

மேல்நாடுகளில் இக்கலை முதிர்ந்து கிளைவிட்டிருக்கிறது. ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் 1891-ஆம் ஆண்டிலேயே பொம்மைத் தண்டவாளங்களுக்கு ஒழுங்கான அகலங்களை வகுத்துவிட்டார்கள். இன்றைக்குக் கடையிலே காசு கொடுத்தால் ரயில் மட்டுமல்ல, ரயிலடி, மாதா கோயில், மதுக்கடை, மரம் அறுக்கும் ஆலை எல்லாமே பெட்டியில் அடைத்துக் கிடைக்கும். துண்டுகளைப் பிரித்து ஒட்டவேண்டியதுதான். ஆனால் ஒட்டி முடித்த பிறகு பார்த்தால் மேஜைமேல் நிற்பது பவேரியாவிலுள்ள ஒரு கிராமம்! பனி வழுகி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரித்த கூரை. நம் ஊரில் பனி எங்கே விழுகிறது? நம் வீட்டு மேஜையில், நம் மின்சாரத்தில் ஓடுகிற ரயில், நாம் ஒருநாளும் கண்டிராத ஊர்களுக்கே போய்க்கொண்டிருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நானும் என் மாணவர்கள் சிலரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அளவுநாடாவும் கையுமாக அலைந்தோம்.

ஊரும் அதன் கூரைகளும்

டோல்கேட் என்ற பெயரே அவ்விடத்தில் முன்னாளில் இருந்த சுங்கச் சாவடியின் நினைவு. அடுத்துள்ள காலடிப்பேட்டையின் பெயரில் ஒரு வெள்ளைக்காரர் ஒளிந்திருக்கிறார். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட் என்பவர் நெசவாளருக்காக ஏற்படுத்திய 'காலெட்பேட்டை', நம் ஜனங்களின் வாயில் புகுந்து காலடிப்பேட்டையாயிற்று. ஆகவே இப்பகுதி தொழிலுக்குப் புதியதன்று. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இங்கே தறியின் ஓசை அடங்கி இயந்திரத்தின் ஓசை எழுந்தது.

எத்தனை தொழில்கள்! ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிக் கம்பெனியார் 1923-இல் தொடங்கிய 'விம்கோ'வின் ஆலை திருவொற்றியூரில் நடந்தது. அதே காலத்தில்தான், 1922-இல், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் என்பதை இங்கே நினைவுகூராமலிருக்க முடியவில்லை. அந்நிய முதலும் சுதேச முயற்சியும் ஒரே தீக்குச்சிக்காகப் போட்டியிட்ட காலம் அது. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கொட்டகைதான் இன்று உலகமறிந்த எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்திருக்கிறது. 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. வடக்கே எண்ணூரில் 1970-இல் அனல் மின்நிலையம் எழுந்தது.

இவற்றுள் எத்தனை நிலைத்தன? எண்ணூர் அனல் மின்நிலையம் 450 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, நாற்பத்தேழு ஆண்டு உழைத்து, 2017 மார்ச்சு மாதத்தோடு நிறுத்தப்பட்டது. 'விம்கோ நகர்' என்ற பெயரை ரயில் நிலையத்தின் பலகையில் வாசிக்கும் இளைஞர்களில் அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? சற்றுத் தள்ளிப் பெரம்பூர்ப் பக்கம் பாருங்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்த இடம் அது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த ஆலைத் தொழிலாளருக்காகவே. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் முன்னின்று வளர்த்த சங்கம் அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. 1921-இன் வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் படிக்கிறோம். ஆனால் 1996-இல் மூடப்பட்ட அந்த ஆலைகளின் கட்டடங்களிற் பல இன்று இல்லை. எந்த வாயிலில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள், எந்தச் சங்கு எந்தக் கூரைமேலிருந்து ஊதியது என்று ஒரு சிறுவனுக்குக் காட்ட வேண்டுமானால் எதைக் காட்டுவது?

கோயிலுக்கு அளவு உண்டு. அரண்மனைக்குப் படம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறோம். லட்சக்கணக்கான மனிதர் தங்கள் ஆயுளைக் கழித்த தகரக் கொட்டகையை அளப்பார் யாருமில்லை. அது அழகாக இல்லையாம்! அழகு இருக்கட்டும், நம்முடைய பாட்டனார் அங்கேதானே இருந்தார்?

இங்கிலாந்தில் ஒருவருக்கு இந்தக் கவலை வந்தது. ராய் இங்கிலாந்து என்பது அவர் பெயர்; பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-இல் தாய்நாட்டைக் காணவந்தவர், ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்குக் கிராமங்களின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி அழிவதைக் கண்டு மனம் நொந்தார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. வீடு வீடாக அளந்தார். அட்டையிலே 76-இல் ஒரு பங்காக அவற்றைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். செங்கல்லுக்குச் செங்கல் கோடு கீறி, நீர்வர்ணம் தீட்டி, ஒரே வீட்டுக்கு மாதக்கணக்காக உழைத்தார். 'பெண்டன்' என்ற பொருட்காட்சிசாலையாக அது வளர்ந்து, அவர் போன பின்பும் அன்பர்கள் அந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அங்கே ஓடும் ரயிலைப் பார்க்கப் போகிறவர்கள் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று சொல்லலாம். மாதிரி ரயில் என்பது விளையாட்டாகத் தொடங்கி ஆவணமாக முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நூறில் ஒன்று

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். உலகில் அதிகமாகப் புழங்குவது 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். மேல்நாட்டு ரயில்பாதை 1,435 மில்லிமீட்டர் அகலமாதலால் அவர்களுக்கு அது சரி. நம்முடைய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. வாங்கிய தண்டவாளத்தில் நம் ரயிலை ஓட்டினால் அது ஒல்லியான பாதையில் தடித்த மனிதர் நடப்பதுபோல் இருக்கும்.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1,676-ஐ நூறால் வகுத்தால் 16.76. கடைத் தண்டவாளம் 16.5. வித்தியாசம் கால் மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது! ஆகவே நூறில் ஒன்று என்ற அளவை எடுத்துக்கொண்டால் நம் அகலப் பாதை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. அதோடு, ஒரு மீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் பெருக்கல் வகுத்தல் தொல்லையே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் மனக்கணக்காகப் போட்டுவிடுவான். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், நமக்கு 21.3 சென்டிமீட்டர். கதவு இரண்டு சென்டிமீட்டர். மனிதன் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இதிலே ஒரு சங்கடம் உண்டென்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் கிடைக்கும் என்ஜின்கள் 87 அளவில் வருபவை. நூறு அளவுக் கட்டடத்துக்கு அருகில் அவை சற்றே பெருத்துத் தோன்றும். என் கருத்து, ஏற்கெனவே ரயில் வாங்கியவர்கள் 87-ஐயே பின்பற்றட்டும். ஒன்றும் வாங்காதவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் நூறைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நாடாவும் நிழலும்

நாங்கள் தேர்ந்தது நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளடங்கிய ஒரு பழைய ஆலைக் கிடங்கு. செங்கல் சுவர், ரம்பத்தின் பற்களைப் போல் ஏறியும் இறங்கியும் செல்லும் தகரக் கூரை, மூலையில் ஒரு செங்கல் புகைபோக்கி. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடப்பது. காவல்காரர் எங்களை உள்ளே விடவில்லை. "ஓனர் உத்தரவு இல்லாம யாரையும் விடக்கூடாது சார், நான் இன்னா பண்றது?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நாங்கள் தெருவில் நின்றபடியே வேலையைத் தொடங்கினோம்.

உள்ளே போகாமல், ஏணி வைக்காமல், சுவரின் உயரத்தை எப்படி அளப்பது? செங்கல்லே அளவுகோல். கைக்கெட்டும் உயரத்தில் பத்து வரிசைச் செங்கல்லை, இடையிலுள்ள சுண்ணாம்புப் பூச்சோடு சேர்த்து அளந்தோம். 85 சென்டிமீட்டர் இருந்தது. பிறகு கீழிருந்து மேல்வரை வரிசைகளை எண்ணவேண்டியதுதான். மூன்று பையன்கள் தனித்தனியே எண்ணி மூன்று எண்களைச் சொன்னார்கள். மறுபடி எண்ணியதில் 64 என்று ஒருமனப்பட்டார்கள். 64 வரிசைக்கு 5.44 மீட்டர். மேஜைமேல் ஐந்தரை சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. சன்னல்களின் அகலத்தையும் இப்படியே, பக்கத்திலுள்ள செங்கற்களை எண்ணிக் கண்டுகொண்டோம்.

புகைபோக்கிக்கு நிழல் உதவிற்று. ஒரு மீட்டர்க் கோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தினால் அதன் நிழல் அப்போது 80 சென்டிமீட்டர். அதே நேரத்தில், மதிலுக்கு இப்பால் வந்து விழுந்த புகைபோக்கியின் நிழல், அதன் அடிமையத்திலிருந்து கணக்கிட்டால், 14.4 மீட்டர். ஆகவே உயரம் 18 மீட்டர். இத்தனை நாளாகக் கரும்பலகையில் 'ஒத்த முக்கோணங்கள்' என்று நான் போட்ட படத்தை யாரும் இவ்வளவு ஆவலோடு பார்த்ததில்லை! ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களையொட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறான். அப்போது கோலுக்கும் நிழலில்லை, புகைபோக்கிக்கும் நிழலில்லை. காலையிலோ மாலையிலோ போவது உத்தமம்.

சூரியனைப் பற்றிப் பேச்சு வந்ததால் ரம்பப் பல் கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் ஒரு சரிவு தகரம். மறு சரிவு கண்ணாடி. கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியிருக்கும். வெயில் நேராக இறங்காமல் ஒளி மட்டும் தொழிலாளியின் கைமேல் சீராக விழுவதற்காகவே இந்த ஏற்பாடு. குளிர் நாட்டில் பிறந்த யுக்தி இது. சென்னையிலே கோடையில் சில மாதம் சூரியன் உச்சிக்கும் வடக்கே சென்றுவிடுவதால், இங்கே அது முழுவதும் பலித்ததாகச் சொல்லமுடியாது. மேஜையில் கிடங்கை வைக்கும்போது வடக்கு எது என்று குறித்துக்கொள்ளாமல் வைத்தால் கட்டடத்தின் நோக்கமே கெட்டுப்போகும்.

கூரையை மேலிருந்து பார்ப்பதற்கு முன்னெல்லாம் வழியில்லை. 2021 பிப்ரவரி 14-இல் திறந்த மெட்ரோ ரயில் பாதை இப்பகுதியில் தூண்களின்மேல் செல்கிறது. டோல்கேட் நிலையத்துக்கும் விம்கோ நகருக்கும் இடையே ஒருமுறை சன்னலோரமாக உட்கார்ந்து போனால் போதும். தெருவில் நிற்பவன் காணாத கூரைகள் கண்ணுக்குத் தெரியும். துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள், மின்நிலையம் முதலிய காவலுள்ள இடங்களில் மட்டும் நாடாவையும் காமிராவையும் எடுக்காதீர்கள். அனுமதி பெற்றுச் செல்வதே முறை.

சமையலறையிலிருந்து ஆலை

இனிக் கட்டும் வேலை. இதற்கு வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடப்பவை என்பதுதான் இதிலுள்ள பெரிய சந்தோஷம்.

சுவருக்கு அட்டை போதும். ஆனால் நம்மிடம் அதைவிட மேலான பொருள் ஒன்று இருக்கிறது, அதுதான் நெட்டி. நீர்நிலைகளில் வளரும் அந்தச் செடியின் வெண்மையான தண்டை மெல்லிய கத்தியால் சீவித் தஞ்சாவூர்க் கைவினைஞர் பெரிய கோயிலையே சிறியதாகக் கட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது அந்தக் கலை. 'மூலப்பொருளிலிருந்து தாமே கட்டுவது' என்று மேல்நாட்டு மாதிரி ரயில்காரர்கள் தனிப் பெருமையோடு பேசிக்கொள்கிறார்களே, அதை நம் நெட்டிக் கலைஞர்கள் நெடுநாளாகச் செய்துவருகிறார்கள். நெட்டிப் பலகையின்மேல் மழுங்கிய ஊசியால் லேசாகக் கோடு இழுத்தால் செங்கல் வரிசை அச்சாகப் பதிகிறது. வரிசைக்கு 0.85 மில்லிமீட்டர். கை நடுங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பரீட்சைதான். பத்து வயதுப் பெண் குழந்தைகள் அநாயாசமாகச் செய்துவிடுகிறார்கள். கோலம் போட்டுப் பழகிய விரல்கள் அல்லவா!

உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் தீக்குச்சி. இரண்டு மில்லிமீட்டர்ச் சதுரக் குச்சி நூறு மடங்கில் இருபது சென்டிமீட்டர் உத்தரமாகிறது. கிடங்குக்குப் பொருத்தமான கனம். தீப்பெட்டி செய்த ஊரைத் தீக்குச்சியால் கட்டுவதில் ஒரு தனி ருசியும் இருக்கிறது. மருந்தை உரசி நீக்கிவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும் என்று தாய்மார்களின் பொருட்டுச் சொல்லிவைக்கிறேன். குழாய்களுக்குத் தென்னை ஈர்க்கும் பழைய பேனா ரீஃபில்லும். ஒட்டுவதற்குத் தச்சர் வச்சிரமோ, கடையில் விற்கும் வெள்ளைப் பசையோ எதுவானாலும் சரி.

நெளி தகரம் எங்கே கிடைக்கும் என்று வெகுநாள் யோசித்தோம். உண்மையான தகரத்தில் நெளிவுக்கு நெளிவு சுமார் மூன்று அங்குலம். நமக்கு முக்கால் மில்லிமீட்டர். பிஸ்கோத்துப் பெட்டியில் வரும் நெளி அட்டை மிகப் பருமன். கடைசியில் இரும்புக் கடையிலே விடை கிடைத்தது. ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டின் மரைகள் ஒன்றுக்கொன்று 0.8 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளவை. சாப்பாட்டுப் பொட்டலமாக வரும் அலுமினியத் தட்டைக் கழுவித் துண்டாக்கி, பழைய ரப்பர் செருப்பின்மேல் விரித்து, மரைபோட்ட கம்பியால் பூரி இடுவதுபோல் அழுத்தி உருட்டினால் நெளி தகரம் தயார்! கோடுகள் மூன்று பாகையளவு சாய்ந்து விழும். ஆதலால் தட்டின் விளிம்பைப் பாராமல் கோட்டையொட்டியே வெட்டவேண்டும்.

புகைபோக்கி அடியில் இரண்டு மீட்டர், நுனியில் 1.4 மீட்டர் குறுக்களவு என்று மதிப்பிட்டிருந்தோம். கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்து வாங்கலாம். காகிதத்தில் செய்வது இன்னும் சுவாரசியம். ஒரு நூலைக் கட்டி 60 சென்டிமீட்டரிலும் 42 சென்டிமீட்டரிலும் இரண்டு வில்களை வரைந்து, நடுவே ஆறு பாகைத் துண்டை வெட்டி, ஒட்டுவதற்குச் சிறிது விளிம்பு விட்டுச் சுருட்டினால், பதினெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் அளவு பிசகாமல் குறுகி நிற்கும் புகைபோக்கி வந்துவிடுகிறது. ஏன் ஆறு பாகை என்பதை வீட்டிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவனைக் கேளுங்கள். அவன் திணறினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கட்டி முடித்த கிடங்கு புதுமணப் பெண் போல் பளபளவென்று நின்றது. அப்படி விட்டால் அது டோல்கேட் அல்ல. கடற்காற்றின் உப்பு தகரத்தைத் தின்ன வேண்டும். லாரிப் புழுதி சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏற வேண்டும். இரும்பு நாரைக் காடியில் ஊறவைத்தால் நிஜத் துருவே கிடைக்கிறது. செங்கல் தூள், காவி, அடுப்புக்கரி மூன்றையும் உலர்ந்த தூரிகையால் தடவினோம். மழைநீர் வழிந்த தடங்கள் மேலிருந்து கீழாகவே இருக்க வேண்டுமென்பதைப் பையன்களுக்கு மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. எண்ணூர்க் கழிக்கரை உப்பளத்தைக் காட்ட ஆசைப்படுவோருக்கு ஒரு எச்சரிக்கை: உப்பைக் குவிக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சித் தண்டவாளத்தைக் கெடுத்துவிடும். கோலமாவு போதும்.

பெரியவர் சொன்னது

கிடங்கு பள்ளியில் இருப்பதைக் கேள்விப்பட்டு, மாணவன் ஒருவனின் பாட்டனார் பார்க்க வந்தார். எழுபதைத் தாண்டியவர், அந்த ஆலையிலேயே இருபத்தெட்டு வருஷம் மூட்டை ஏற்றியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு தெற்குச் சுவரில் ஓரிடத்தை விரலால் தொட்டு, "இங்க ஒரு சின்னக் கதவு இருந்திச்சு சார். பொம்பளைங்க அதுலதான் வருவாங்க. அப்பால அடைச்சிட்டாங்கோ" என்றார்.

அடுத்த நாள் பையன்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சுவரில் அந்த இடத்துச் செங்கற்கள் மற்றவற்றைவிடச் சற்று இளஞ்சிவப்பு, வரிசையும் பொருந்தவில்லை. மேலே ஒரு வளைவின் தடம். அடைத்த கதவு! பாட்டனார் மறுபடி வந்து கொண்டே இருந்தார். சங்கு எந்தக் கூரைமேல் இருந்தது, கூலி கொடுக்கும் சன்னல் எது, மதியம் கூழ் விற்ற ஆயா எந்த மர நிழலில் உட்காருவாள், வண்டி மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிரில் மாதிரி இல்லாமல் இவரைக் கூப்பிட்டு, "ஆலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், "இன்னா இருக்கு சொல்றதுக்கு?" என்றுதான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரன் அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். அந்த நோட்டுக்குத்தான் இப்போது பள்ளியில் அதிக மதிப்பு.

பெண்கள் வாயிலை எப்படிக் காட்டுவது என்பதில் வகுப்பில் பலத்த வாதம் நடந்தது. இப்போதிருப்பது போல் அடைத்துக் காட்டுவதா, அன்றிருந்தது போல் திறந்து காட்டுவதா? ஓட்டெடுப்பில் திறந்த கதவு வென்றது. கதவருகே ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு பெண்கள், தூக்குச் சட்டியோடு, இப்போது உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இடமின்மை என்னும் எஜமான்

எல்லாவற்றையும் முழு அளவில் கட்ட எந்த வீட்டிலும் இடமிராது. இருநூறு மீட்டர் ஆலை மேஜைமேல் இரண்டு மீட்டர் ஆகிவிடும். அதற்கு அனுபவசாலிகள் ஒரு தந்திரம் சொல்கிறார்கள்: எண்ணிக்கையைக் குறை, அளவைக் குறைக்காதே. பன்னிரண்டு ரம்பப் பற்கள் இருக்குமிடத்தில் ஐந்து போதும். ஆனால் அந்த ஐந்தும், கதவும் சன்னலும், சரியான அளவில் இருக்க வேண்டும். அப்போது கண் ஏமாந்து ஆலை முழுவதும் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். ஆவணம் என்று பேசிவிட்டுத் தந்திரம் செய்யலாமா என்று கேட்பீர்கள். குறைத்தது எத்தனை என்று பலகையின் அடியில் எழுதிவைத்துவிட்டால் எதிர்காலத்தவரை ஏமாற்றியவர்களாக மாட்டோம்.

வளைவில் மட்டும் பொய் சொல்லாமல் தப்ப முடியாது. நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். மேஜைமேல் அது ஒன்றேமுக்கால் மீட்டர். வட்டமாகச் சுற்றினால் கூடம் முழுவதும் போய்விடும்! வளைவுகளைத் திரைக்கோ குன்றுக்கோ பின்னால் மறைத்து, கிடங்கின் முன்னே நேர்ப்பாதையை மட்டும் காட்டுவது எல்லாத் தேசத்திலும் வழக்கம்.

இந்தியாவில் இந்தக் கலைக்கு ஆதரவில்லை என்று சொல்ல மாட்டேன். குவாலியர் மகாராஜாவின் அரண்மனையில் விருந்தினருக்கு மேஜைமேல் மதுவும் சுருட்டும் கொண்டுவந்து தரும் வெள்ளி ரயில் இருக்கிறது. அது ராஜாக்களின் விளையாட்டு. ஆனால் புனாவில் பாவ் ஜோஷி என்னும் தனி மனிதர் தம் கைப்பட அமைத்து 1998 ஏப்ரல் முதல் தேதியில் திறந்துவைத்த சிற்றுரு ரயில் காட்சிசாலையைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். நம் சென்னையிலும் பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே ரயில் அருங்காட்சியகம் 2002 முதல் இருக்கிறது; விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் செல்லத் தகுந்த இடம்.

எங்களுடைய அடுத்த வேலை ராயபுரம். 1856 ஜூலை முதல் தேதியில் தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை மக்களுக்குத் திறந்தது. பம்பாயிலும் ஹௌராவிலும் முதலில் கட்டிய ரயிலடிகள் இன்று இல்லாமையால், தேசத்தில் எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது இதுவென்றே கொள்கிறார்கள். 1873-இல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தபின் அதன் அந்தஸ்து குறைந்தது. 2005-இல் புதுப்பித்தார்கள். சிவந்த சுவரும் வெண்ணிறத் தூண்களுமாக அதன் முகப்பு இன்றும் நிற்கிறது. முகப்பைப் படமெடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எங்களுக்கு வேண்டியது பின்புறமும், சரக்குப் பக்கமும், தண்ணீர்த் தொட்டியும். சுவரின்மேல் சாயம் பூசியிருப்பதால் செங்கல்லை எண்ணும் யுக்தி அங்கே பலிக்காது. அதனால் ஒரு மீட்டர்க் கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தூணருகிலும் அதைச் சாத்தி நிறுத்திப் படமெடுக்க வேண்டும். ரயில்வே அதிகாரிகளுக்கு அனுமதி கேட்டு மனு எழுதியாயிற்று; கையெழுத்து அழகாயிருக்கும் பெண் ஒருத்திதான் எழுதினாள். பதில் வந்ததும் ஒரு சனிக்கிழமைக் காலையில், நிழல் நீளமாக இருக்கும்போதே புறப்பட உத்தேசம்.